சாமான் அறையின் பதினாறாம் நாள்

ஆமாங்குளத்துக்காரர்களிடம் எதையும் ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டாவது தடவை சொல்வதற்கு, சொன்ன ஆள் அங்கே நிற்க மாட்டார். முதல் தடவை சொன்னதை இவர்கள் செய்த அழகைப் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருப்பார்.

அந்த ஊரில் வடமலைக்கு ஒரு வீடு இருந்தது. அவன் தாத்தா கட்டியது. முன் அறை, அடுப்படி, படுக்கிற அறை, பின்னால் ஒரு சாமான் அறை. நாலும் நாலு விதமாகப் பழசு. இது வடமலையைத் தவிர ஊருக்கே தெரியும். அவன் மனைவி ஆவுடைக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் மேல்தளத்திலிருந்து உதிர்ந்ததெல்லாம் அவள் தலையில்தான் உதிர்ந்தது.

ஒரு காலையில் ஆவுடை வடமலைக்குத் தட்டில் இட்லியை வைத்துவிட்டு, சட்னி எடுக்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு கைப்பிடி சுண்ணாம்புக் காரை பொத்தென்று தட்டில் விழுந்தது. அவள் சட்னியோடு திரும்பி வந்தபோது இவன் மூன்றாவது இட்லியை அதில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"சட்னி நல்லாருக்குட்டி. தேங்காதான் கொஞ்சம் முத்தல்" என்றான்.

ஆவுடை சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இரண்டு சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசலில் நின்று ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"வீடு கட்டத் தெரிஞ்ச ஆளு யாராவது வந்து பாத்து, இது மனுசர் குடியிருக்கத் தக்க வீடுன்னு சொல்லட்டும். அன்னைக்கு வாரேன். இல்லன்னா எங்க அண்ணன் வீட்டு மாடியிலயே கிடந்துக்கிடுதேன்."

அண்ணன் பூதலிங்கம் டவுனில் சலவைக் கடை வைத்திருந்தான். அவன் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். உட்கார்ந்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று பஸ்ஸில் இடம் கிடந்தாலும் நின்றுகொண்டேதான் வருவான். தங்கச்சி கோபித்துக்கொண்டு வந்தது அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று. கடையில் ஆள் பற்றாக்குறை.

"அதாவது, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்று வடமலைக்குச் சொல்லியனுப்பினான். "வெள்ளிக்கிழமை நானே அவளைக் கூட்டிட்டு வருவேன். வீடு தேறலன்னா, அதாவது, சனிக்கிழமையிலேர்ந்து அவ என் கடையில. அவளுக்குன்னு ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கி வச்சாச்சு."

வடமலைக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. காலையிலிருந்து யாரும் அவனைத் திட்டவில்லை. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தான். அப்புறம் தன்னைத்தானே இரண்டு வார்த்தை திட்டிப் பார்த்தான். ருசிக்கவில்லை. நேரே பக்கத்து ஊருக்குப் போய் ஆசீர்வாதம் கொத்தனாரைப் பிடித்தான்.

ஆசீர்வாதம் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசுகிறவர். "வெள்ளிக்கிழமை வாரேன். அதுக்கு முன்ன ஒவ்வொரு ரூமா நீயே நிதானமா பாத்து வையி. சும்மா எட்டிப் பாத்துட்டு ஓடிறக்கூடாது. ஆஸ்பத்திரில கிடக்க சொந்தக்காரனைப் போய்ப் பாப்பேல்லா, அந்த மாதிரி பாக்கணும். எங்க சந்தேகமோ அங்க தட்டிப் பாரு. என்ன கோளாறுன்னு சுவரே சொல்லிரும். என்ன, வெளங்குதா?"

"வெளங்குது" என்றான் வடமலை. அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

ஊருக்குத் திரும்பியதும் தனக்கு வேண்டிய இரண்டு பேரைக் கூட்டினான். ஒருவர் நல்லபெருமாள் மாமா. இவர் வாலிபத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் வாட்ச்மேனாக நின்றவர். அன்றிலிருந்து ஆமாங்குளத்தில் வைத்தியம் சம்பந்தப்பட்ட எல்லாமே அவர் பொறுப்பு. இன்னொருவன் கொம்பையா, வடமலையின் சித்தப்பா மகன். அவனுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. பசிதான் உண்டு.

விஷயத்தைக் கேட்டு நல்லபெருமாள் தொண்டையைச் செருமினார். "ம்ஹ்ம். ஆஸ்பத்திரில கிடக்குறவங்களைப் பாக்கப் போகணும்னா வெறுங்கையோடயா போறது, மாப்ளே?"

"போகக்கூடாது மாமா."

"பன்னு, சாத்துக்குடி, ஃபிளாஸ்க்குல பாலு. ஒரு ரூமுக்குக் குடுத்து ஒரு ரூமுக்குக் குடுக்காம விட்டா மனத்தாங்கல் வரும். நாலுக்கும் தனித்தனியா வாங்கு."

"அண்ணே, பன்னு கொஞ்சம் கூடுதலாவே இருக்கட்டும்" என்றான் கொம்பையா.

வடமலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நல்லபெருமாள் கையைக் குறுக்கே நீட்டி மறித்தார்.

"எங்க போற?"

"என் வீடு மாமா."

"பார்வை நேரம் நாலு மணியிலிருந்து ஆறு. நான் எத்தனை பேரை இப்படி நிறுத்தியிருக்கேன் தெரியுமா? அமைச்சரா இருந்தாலும் நாலு மணிதான்."

வடமலை தன் வீட்டு வாசலில், வெயிலில், பன்னோடும் சாத்துக்குடியோடும் நாலு மணி வரைக்கும் நின்றான். நடுவில் தாகம் எடுத்தது. தண்ணீர் உள்ளே இருந்தது. பொறுத்துக்கொண்டான்.

நாலு மணிக்கு மூன்று பேரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன் அறைக்குள் நுழைந்தார்கள். பாயை விரித்து உட்கார்ந்தார்கள். சாத்துக்குடியை மூலையில் வைத்தார்கள். 

"இப்ப எப்படி இருக்கு?" என்று வடமலை மெதுவாக முன் அறையைக் கேட்டான்.

அறை ஒன்றும் சொல்லவில்லை.

"பேச முடியல போல" என்று கொம்பையா கிசுகிசுத்தான்.

நல்லபெருமாள் எழுந்து சுவரைச் சுற்றி வந்தார். தெற்குச் சுவரில் மேலேயிருந்து கீழே வரை ஒரு விரிசல் ஓடியது. அதை விரலால் தடவிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எலும்பு முறிவு. விழுந்திருக்கும், வெளிய சொல்லாம இருந்திருக்கு. மாப்ளே, முட்டை இருக்கா? உளுந்தமாவு?"

முட்டை வெள்ளைக்கருவில் உளுந்தமாவைக் குழைத்து விரிசலில் அப்பினார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் பத்தையை வைத்தார்கள். ஆவுடை விட்டுப் போன பழைய சேலையைக் கிழித்து, ஜன்னல் கம்பி வழியாக விட்டு, சுவரைச் சுற்றிக் கட்டுப் போட்டார்கள். "அசையாம இருக்கணும். அதுதான் முக்கியம்" என்று நல்லபெருமாள் சுவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். சுவர் அசையவில்லை. சொல்பேச்சுக் கேட்கிற அறை என்று எல்லாருக்கும் ஒரு திருப்தி.

அடுத்து அடுப்படி. உள்ளே நுழைந்ததும் நல்லபெருமாள் மூக்கை உறிஞ்சினார்.

"நெஞ்செல்லாம் கரி கட்டியிருக்கு. ரொம்ப நாளா புகைப் பழக்கம் உண்டோ?"

வடமலை தலையைக் குனிந்தான். "தாத்தா காலத்துலேர்ந்து மாமா. ஒரு நாளைக்கு மூணு வேளை."

"இன்னைக்கோட நிறுத்தணும். இல்லன்னா நான் பொறுப்பில்ல."

அப்போதிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. வடமலை பட்டினி. பன் இருந்ததே என்றால், அது நோயாளிக்கு வாங்கியது. நோயாளி வேண்டாம் என்றால் கூட வந்தவர்கள் சாப்பிடலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அறையிடமும் "சாப்பிடுதீங்களா?" என்று கொம்பையா ஒரு தடவைதான் கேட்டான். பதில் வருகிற அளவுக்குக்கூட நேரம் விடவில்லை.

படுக்கிற அறையில் பார்வைக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் சந்தேகம். "உள்காயமா இருக்கும். தட்டிப் பாரு மாப்ளே" என்றார் நல்லபெருமாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் வீடு. பேச்சியம்மாள் அந்த நேரம் கட்டிலைச் சுவரோரம் போட்டுப் படுத்திருந்தாள் என்பது இவர்களுக்குத் தெரியாது.

வடமலை விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினான்.

"யாருலே அது?" என்றது சுவர்.

மூன்று பேரும் ஓரடி பின்னால் வந்தார்கள்.

"சுவரே சொல்லிரும்னு கொத்தனார் சொன்னாருல்லா" என்றான் வடமலை.

"இது சொல்லலண்ணே. கேக்குது" என்றான் கொம்பையா.

"வயசான சுவர் கேக்குது. பேரைச் சொல்லுங்கடே, மரியாதையா" என்றார் நல்லபெருமாள்.

"நாந்தான், வடமலை."

"அறிவு இருக்கா உனக்கு? மனுசியைச் செத்த நேரம் கண்ணசர விடுதியா?"

"குரல்ல தெம்பு இருக்கு, பயமில்ல. உடம்புக்கு என்ன செய்யுதுன்னு கேளு" என்றார் நல்லபெருமாள்.

"உடம்புக்கு என்ன செய்யுது?" என்று வடமலை சுவரில் வாயை வைத்துக் கேட்டான்.

சுவர் கொஞ்சம் யோசித்தது. இத்தனை வருஷத்தில் அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. குரல் இறங்கியது. "என்னத்தச் சொல்ல. முட்டிக்குக் கீழ வீங்கிக் கிடக்கு. கால ஊன முடியல. தைலம் தேச்சுவிட ஒரு நாதி உண்டா எனக்கு?"

வடமலைக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தைலம் வந்தது. ஆனால் சுவருக்கு முட்டி எது என்பதில் விவாதம் எழுந்தது. ஜன்னல் மட்டம்தான் இடுப்பு, ஆகவே அதற்குக் கீழே சரிபாதி முட்டி என்றார் நல்லபெருமாள். சுவர் உட்கார்ந்திருக்கிறதா நிற்கிறதா என்பது தெரியாமல் முட்டியை எப்படி முடிவு செய்வது என்றான் கொம்பையா. கொம்பையா கேட்ட முதல் நல்ல கேள்வி அது. கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னலுக்குக் கீழே முழுக்கத் தைலத்தைத் தேய்த்தார்கள்.

மறுநாள் தட்டி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான் வடமலை.

"இன்னைக்குத் தேவல" என்றது சுவர். "நீ நல்லாருப்ப."

இத்தனை வைத்தியத்துக்கும் அடங்காதது சாமான் அறை ஒன்றுதான். அதன் மேல்தளம் நாலு இடத்தில் ஒழுகியது. சுவரெல்லாம் ஈரம். நல்லபெருமாள் உள்ளே தலையை விட்டதும் வெளியே எடுத்தார். "பயங்கரச் சளி. மூக்கு ஒழுகி நெஞ்சுல இறங்கிருச்சு. ஆவி பிடிச்சே ஆகணும்."

வியாழக்கிழமை சாமான்களையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டார்கள். அடுப்படிக்குப் புகை ஆகாது என்று தெருவில் கல் கூட்டி, கல்யாண அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நொச்சி இலையும் மஞ்சள்பொடியும் போட்டு, அறைக்கு நடுவில் இறக்கினார்கள். ஆவி பிடிக்கிறவர்கள் தலையோடு போர்த்திக்கொள்ள வேண்டும். அறைக்குத் தலை மேலேதானே. ஊரில் இருந்த போர்வை, கம்பளி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, மாடியில் விரித்து நாலு பக்கமும் தொங்கவிட்டார்கள். மூன்று அண்டா மாற்றினார்கள். சாயங்காலம் உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் சுவரில் இருந்த பூச்சு அத்தனையும் தரையில் கிடந்தது. உத்திரம் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. சுவரெல்லாம் முத்து முத்தாக நீர்.

"நல்லா வேர்த்துருச்சு" என்றார் நல்லபெருமாள், தன் நெற்றியையும் துடைத்துக்கொண்டு. "இனி கவலையில்ல. தூங்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் ஆசீர்வாதம் வந்தார். சுவருக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்து முதல்முறையாகச் சைக்கிளை விட்டு இறங்கினார். நாலு அறையையும் சுற்றினார். படுக்கிற அறையில் தைல வாடைக்குத் தும்மினார். சாமான் அறை வாசலில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். வடமலை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மத்தியானப் பஸ்ஸில் ஆவுடை வந்துவிடுவாள். அந்த வாயில் என்ன வருகிறதோ அதுதான் அவன் ஆயுசு.

"முன் ரூமு சரி பண்ணிறலாம். அடுப்படிக்கு வெள்ளையடிச்சாப் போதும். படுக்கிற ரூமுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் ஆசீர்வாதம். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா பின்னால இருக்கது போயிருச்சுப்பா. இனிமே ஒண்ணும் செய்யுறதுக்கில்ல. நாளைக்குக் காலைல எடுத்துருவோம். நான் போய் ஆளுக்குச் சொல்லிட்டு வாரேன்."

சைக்கிள் தெரு முனையைத் தாண்டும் வரை மூன்று பேரும் அசையவில்லை.

"நேத்து சாயங்காலம்கூட நல்லா வேர்த்துச்சே" என்றார் நல்லபெருமாள். 

"நான் பிறந்ததே அந்த அறையிலதான்" என்றான் வடமலை. 

கொம்பையா கையில் இருந்த பன்னை, பாதி தின்ற நிலையிலேயே, கீழே வைத்தான். அவன் துக்கம் எவ்வளவு பெரியது என்பது ஊருக்கு அதிலேயே தெரிந்துபோயிற்று.

மளமளவென்று காரியங்கள் நடந்தன. வாசலில் பந்தல் போட்டார்கள், பெஞ்சு வந்தது, சங்கு ஊதினார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து வடமலையின் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். சங்குச் சத்தம் கேட்டுக் காலை இழுத்துக்கொண்டு வந்த பேச்சியம்மாள், தலைவாசலிலேயே உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள். யார் போனது என்று யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் போய் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது மரியாதையா? ஆள் சொல்லிவிட்டுத் திரும்பி வந்த ஆசீர்வாதம்கூட, பந்தலைப் பார்த்துப் பதறி, தலைப்பாகையை அவிழ்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"யாரு?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார்.

"தெரியல. நாளைக்குத்தான் எடுக்காங்களாம்."

மத்தியானப் பஸ் வந்தது. ஆவுடை இறங்கினாள், பின்னால் பூதலிங்கம் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தெரு முனையில் திரும்பியதும் ஆவுடை பந்தலைப் பார்த்தாள். தன் வீட்டு வாசல். அவள் வீட்டில் இருந்ததே ஒரே ஒரு ஆள்தான்.

பையைப் போட்டாள். தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே. தேங்கா முத்தல்னு நீங்க சொன்னதுக்கு ஆமான்னு சொல்லியிருக்கப்படாதா நான்? சுண்ணாம்பத் தின்னாலும் நல்லாருக்குன்னு சொன்ன மனசு யாருக்கு வரும்? இனி நான் யாரைத் திட்டுவேன்?"

பேச்சியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை இன்னொரு கட்டை உயர்த்தினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வடமலை வந்தான். அவனுக்கும் கண்ணீர் நிற்கவில்லை. ஆவுடையின் கையைப் பிடித்தான்.

"அழாதட்டி. இருக்குற வரைக்கும் உன் மேல பாசமாத்தான் இருந்துச்சு."

ஆவுடை அவனைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். கிள்ளிப் பார்த்தாள்.

"எது?" என்றாள்.

"சாமான் அறை."

 ஆசீர்வாதம் மெல்ல எழுந்து, அவிழ்த்த தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

ஆவுடை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "கொத்தனாரே, மிச்ச வீடு மனுசர் குடியிருக்கத் தக்கதுதானா?"

"வீட்டுக்கு ஒரு குறையும் இல்லம்மா. மனுசரைத்தான் நான் இன்னும் பாக்கல."

"கேட்டியா?" என்றான் பூதலிங்கம். "அதாவது, பாதி தேறல. கிளம்பு. இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு."

ஆவுடை வடமலையைப் பார்த்தாள். வீங்கின கண்ணோடு, மூன்று நாள் பட்டினியில் ஒட்டின வயிற்றோடு, அவள் கையை விடாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"துக்க வீட்டுக்கு வந்துட்டேன்ண்ணே. பதினாறு கழியாம எப்படி வரது?"

"அறைக்கா பதினாறு?"

"மனசார அழுதுட்டேன்லா. அழுதது அழுததுதான்."

ஊரே ஆமாம் என்றது. அந்த ஊரில் வேறு என்ன சொல்வார்கள்? பூதலிங்கம் பல்லைக் கடித்தான். "சரி. பதினாறாம் நாள் வருவேன். உட்காரக்கூட மாட்டேன். நின்ன நிலைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

மறுநாள் சாமான் அறையை முறைப்படி எடுத்தார்கள். ஆசீர்வாதமும் ஆட்களும் மற்ற அறைகளைச் சரிசெய்தார்கள். ஆவுடை அடுப்படியைத் திரும்பப் புகைக்க வைத்தாள். மூன்று வேளையும் திட்டு விழுந்ததில் வடமலை ஒரு சுற்றுத் தேறினான். ஆனால் பதினாறாம் நாள் நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு அறை செத்தால்கூடத் தேவலை என்று ஒரு கெட்ட எண்ணம் வந்து, படுக்கிற அறையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

பதினாறாம் நாள் பூதலிங்கம் வந்து இறங்கினான். புது வேட்டி, புது மடிப்பு. பின்பக்கத்தில் சாமான் அறைக்குப் புது அஸ்திவாரம் தரைமட்டத்துக்கு வந்திருந்தது. முதல் செங்கல் வைக்கிற நாளும் அதுதான். அவன் வாயைத் திறப்பதற்குள் நல்லபெருமாள் ஒரு மாலையைக் கழுத்தில் போட்டார். தலையில் பரிவட்டம் கட்டினார்.

"எதுக்கு இது?" என்றான் பூதலிங்கம். ஆனால் கழற்றவில்லை. சலவைக் கடைக்காரனுக்கு யார் மாலை போட்டார்கள், அன்று வரைக்கும்?

"ம்ஹ்ம். ஒண்ணு போய் ஒண்ணு பிறக்குது. உம்ம தங்கச்சி வீட்டுல பிறக்குற பிள்ளை. முதல் மரியாதை தாய்மாமனுக்குத்தானே?" என்றார் நல்லபெருமாள். "பிள்ளைய மாமன் மடியில வச்சுத்தான் நல்ல காரியம் தொடங்கணும்."

ஊர் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாலையோடு நிற்கிறவன் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?

"அறையைத் தூக்கி மடியில வைக்க முடியாதேண்ணே" என்றான் கொம்பையா.

எல்லாரும் யோசித்தார்கள். அப்போதுதான் வடமலைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு யோசனை வந்தது.

"மச்சானை முதல்ல உக்கார வச்சிருவோம். அறையை அப்புறம் அவுக மடி மேல கட்டிக்கிட்டா?"

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அஸ்திவாரத்தின் மேல் பலகையைப் போட்டு பூதலிங்கத்தை உட்கார வைத்தார்கள். அவன் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தில் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மேளம் கொட்டியது. மடியில் முதல் செங்கல் வைத்தார்கள். சும்மா ஒரு செங்கல்தானே என்று அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அது சாந்து காய்வதற்கு முன்னால்.

ஆசீர்வாதம்கூடத் தடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக ஆமாங்குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தார். சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை பூதலிங்கத்தின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மாமன் மட்டும் கொஞ்சம் ஆடாம இருக்கணும். சுவர் கோணிரும்" என்றார்.

சாயங்காலம் சுவர் மார்பு வரைக்கும் வந்துவிட்டது.

"அதாவது, ஆவுடை, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான் பூதலிங்கம்.

"எந்திரிங்கண்ணே, போவோம். நான் பையை எடுத்து வச்சாச்சு" என்றாள் ஆவுடை.

"எந்திரிச்சா அறை விழுந்துருமே" என்று வடமலை பதறினான். "விழுந்தா மறுபடியும் பதினாறு கும்பிடணும்."

பூதலிங்கம் யோசித்தான். ஆடக்கூடாது என்று கொத்தனார் சொல்லியிருந்ததால் கண்ணால் ஆமாம் என்றான்.

ஆவுடை பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கையில் காப்பியோடு வந்தாள். அண்ணனைச் சுற்றி வந்து ஒரு தடவை பார்த்தாள். தங்கச்சி அல்லவா, மனசு கேட்கவில்லை.

"கொத்தனாரே, அண்ணன் மூஞ்சிக்கு நேரா ஒரு ஜன்னல் விட்டுருங்க" என்றாள். "உள்ள வேர்த்தா வேட்டி கசங்கிரும்."